நல்லம்மாவின் சாட்சி

சாட்சி சொல்வதில் கம்பளைச் சபையில் நல்லம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. மார்பில் வந்த கட்டியைக் கர்த்தர் சுகமாக்கிய கதையை அவள் எடுத்தால் கல்நெஞ்சக்காரருக்கும் கண் கலங்கும். கண்டியில் ஆபரேஷன் செய்ததையும் ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நேரம் போதாதென்று போதகர் திவாகரன் சுருக்கச் சொல்ல, அது மெல்ல மெல்லக் கழன்றே போயிற்று. ஜெபமும் சுகமும் மட்டும் மிஞ்சின.

அந்த ஞாயிறு புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் சபையின் சுகமளிக்கும் கூட்டம். கொட்டகை நிறையச் சனம். நல்லம்மாவிடமோ, கட்டி திரும்பி வந்துவிட்டதென்று டொக்டர் அந்தக் கிழமைதான் சொல்லியிருந்தார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தன்னைப் பார்த்து நம்பியவர்களின் விசுவாசம் ஆட்டங்கண்டுவிடுமே என்று பயந்தாள்.

மேடைக்குப் போகிற வழியில், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நான் நிலூஷா. இங்கதான் கொழுந்து பறிக்கிறேன். எனக்கும் ஒங்களுக்கு வந்த அதே கட்டிதான். போன கூட்டத்துல ஒங்க சாட்சியக் கேட்டதுல இருந்து கிளினிக்குக்குப் போறதில்ல. ஏசு சாமி பாத்துக்குவாருன்னு விட்டுட்டேன்.”

நல்லம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேடையேறி மைக்கைப் பிடித்தாள். “எனக்குக் கட்டி திரும்ப வந்திருச்சு,” என்றாள். “மொதல்லயும் ஆபரேஷன் செஞ்சுதான் எடுத்தாங்க. அதச் சொல்லாம விட்டது என் தப்பு. கர்த்தர் என்னையக் கைவிடல, அது சத்தியம். ஆனா மருந்த யாரும் நிப்பாட்டாதீங்க. நாளைக்குக் கண்டி கிளினிக்குக்குப் போறேன். நிலூஷா, நீயும் வந்துரு. குட்செட் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்.”

ஒரு அல்லேலூயாகூட எழவில்லை. போதகர் முகம் கறுத்து, மைக்கை வாங்கிப் பாட்டொன்றைத் தொடங்கினார். அதுவும் எடுபடவில்லை. இத்தனை வருஷ ஊழியத்தையும் ஒரே நிமிஷத்தில் கெடுத்துவிட்டேனே என்று நல்லம்மா மனமுடைந்து போனாள்.

மறுநாள் காலை குட்செட் பஸ் நிலையத்தில் புசல்லாவை பஸ் வந்து நின்றது. குழந்தையோடு நிலூஷா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வயதான ஒருத்தி. அவளுக்கும் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். எல்லார் கையிலும் மருந்து எழுதும் கிளினிக் கொப்பி இருந்தது.

“இவங்கல்லாம் யாரு?” என்று கேட்டாள் நல்லம்மா.

“இவங்களும் ஒங்க சாட்சியக் கேட்டுக் கிளினிக்க விட்டவங்கதான் அக்கா.”

நல்லம்மா வயதானவளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்க, கிளினிக்குல நம்பர் எடுக்கணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.