ஐம்பத்தேழாவது பல்

வந்திருந்தவர்கள்: லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி, மனைவியின் தம்பியான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், ஓய்வு பெற்ற தபால்காரர். ஆக நான்கு பேர்.

மெக்கானிக் இதைத் தடித்த நோட்டில் எழுதி, கீழே நாலு விரல் இடம் விட்டார். ஒரு செட்டை ஓட்டிப் பார்க்கும்முன் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுவது அவர்கள் வழக்கம். ஓடி முடிந்ததும் அந்த இடத்தில் 'முழுசு, அசல்' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அதற்கப்புறம் அந்த செட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

மாடி அறையின் மூன்று சுவரிலும் அலமாரி. எல்லாம் பழைய காலத்துச் செட்டுகள். துளை போட்ட இரும்புப் பட்டை, பித்தளைப் பல்சக்கரம், விரல்நகம் அளவு போல்ட் நட்டு. பூட்டிச் சேர்த்தால் வேலை செய்ய வேண்டும். சும்மா நிற்கிற எதற்கும் அங்கே இடமில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும் லாரி, இரண்டு விரல் அகலத்துக்கு நிஜமாகவே நாடா நெய்யும் தறி, நாளுக்கு ஒன்பது நிமிஷம் பின்னால் போகிற கடிகாரம். பொம்மை என்று யாராவது சொன்னால் மெக்கானிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிடும். மனைவி மட்டும் சொல்லலாம். அவள் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்றைக்கு மேசைமேல் இருந்தது கிரேன். மெக்கானிக் பிறப்பதற்கு முன்பே அந்த செட்டைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அவரிடம் உடைந்த செட் ஒன்று இருந்தது, பல்சக்கரங்கள் நான்கும் பழுதில்லாமல். மச்சினனிடம் (கடையை வைத்து அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர்) இன்னொன்று, உடம்பு நன்றாக, உள்ளே ஒன்றுமில்லாமல். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது என்று பேசிக்கொண்டார்கள். மிச்சத்துக்கு ஒன்பது வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். கடைசியாகக் கொக்கி போன மாதம்தான் கிடைத்தது.

"எழுதியாச்சா மாமா? ஸ்விட்ச்சைப் போடட்டுமா?" என்றான் கண்ணாடி.

"இரு. அண்ணன் இன்னும் மூக்குக்கண்ணாடி போடல."

"இவன் கடையில வாங்கினதுதான் தம்பி. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்" என்றார் தபால்காரர்.

மெக்கானிக்கின் மனைவி தேநீர்த் தட்டோடு வாசற்படியிலேயே நின்றாள். "சீக்கிரம் தூக்கச் சொல்லுங்க. டீ ஆறுது."

முதலில் சுழற்சி. கிரேன் முழு வட்டம் போட்டு வந்து நின்றது. அடுத்து கை. மேலே போய்க் கீழே இறங்கியது. மூன்றாவதுதான் தூக்கல். கொக்கியில் அரைக்கிலோ எடைக்கல்லை மாட்டி, நெம்புகோலைத் தள்ளினான் கண்ணாடி. நூல் இறுகியது. கல் மேசையை விட்டு எழும்பியது.

ஒரு விரல் உயரம் போனதும் கல் லேசாக ஒரு குலுக்குக் குலுங்கியது. பிறகு மறுபடி ஒழுங்காக ஏறியது.

யாரும் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் குழிக்குள் நின்று, கம்பிவடத்தின் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்கிற மனிதருக்கு மட்டும் அது தெரிந்தது. மனத்துக்குள் எண்ணினார். பதினோரு வினாடி. குலுக்கு. இன்னொரு பதினொன்று. குலுக்கு. பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஆகிற நேரம்.

"தூக்கிருச்சே" என்றார் தபால்காரர். "பேனாவைக் குடுங்க. என் ஆயுசுல இதைப் பாத்துட்டேன்."

"இறக்கு" என்றார் மெக்கானிக். "இன்னொரு வாட்டி ஏத்து."

"நல்லாத்தானே மாமா ஏறுச்சு?"

"ஏத்துடா."

மறுபடியும் அதே இடத்தில், அதே குலுக்கு.  அந்தக் குலுக்கை அவருக்குத் தெரியும். அதைப் பெற்றதே அவர்தான்.

நான்கு மாதம் முன்பு கண்ணாடி வந்து கேட்டான். வெளியூரில் ஒருவரிடம் இதே கிரேன் பழுதாகக் கிடக்கிறது, நான்கு சக்கரமும் வெட்டித் தர முடியுமா என்று. வேலை முடிந்து, தெரிந்தவர் பட்டறையில் நின்று மெக்கானிக் வெட்டினார். மூன்று நன்றாக வந்தன. நாலாவது பெரியது, ஐம்பத்தேழு பல். ஒரு பல் வெட்டி, சுற்றைச் சமமாகப் பிரிக்கிற தட்டில் துளைகளை எண்ணி நகர்த்தி, அடுத்த பல் வெட்ட வேண்டும். பாதியில் யாரோ பேச்சுக் கொடுக்க, ஒரு துளை தவறிவிட்டது. கடைசிப் பல் தடித்து நின்றது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டியிருக்க வேண்டும். பித்தளையும் தீர்ந்திருந்தது, கௌரவமும் விடவில்லை. அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஒப்பேற்றினார். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி மச்சினன் கையில் கொடுத்தார். நம் தப்பு வெளியூரில் ஓடட்டும், நம் காதில் விழாது என்று நினைத்தார்.

இப்போது அது அவர் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பல்சக்கரப் பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.

"இப்ப எதுக்கு மாமா நோண்டுறீங்க? கையெழுத்தைப் போட்டுட்டு அப்புறம் பிரிக்கலாம்ல?"

"பேசாம இரு."

பெரிய சக்கரத்தை உருவி உள்பக்கத்தைத் திருப்பினார். அசல் இல்லாத பாகம் எதுவானாலும் உள்பக்கத்தில் ஒரு புள்ளி குத்தியிருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம். செய்ததைச் செய்தது என்று காட்டத்தான் அது. தான் வெட்டிக் கொடுத்த நாலிலும் அவரே குத்தியிருந்தார். இதில் புள்ளி இல்லை.

"உன் லென்ஸைக் குடு."

கண்ணாடி சட்டைப் பையைத் தடவினான். "கடையிலயே வெச்சுட்டேன் போல."

"பையில லென்ஸ் கயிறு தொங்குதேடா" என்றாள் அக்காக்காரி, தன்பாட்டுக்கு.

அவன் லென்ஸை எடுத்து நீட்டினான். மெக்கானிக் ஜன்னல் பக்கம் போய்ப் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் பித்தளையில் கடுகளவு வெளுத்த வட்டம். புள்ளியை ஈயம் வைத்து அடைத்து மெருகு போட்டிருந்தது. கண்ணாடிச் சட்டத்தில் உடைந்த காதைப் பற்றவைக்கிற கை, சுத்தமாகத்தான் செய்திருந்தது. மற்ற மூன்றையும் உருவினார். மூன்றிலும் அதே வட்டம்.

"இது நாலும் நான் வெட்டினது" என்றார்.

"எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரிதானே தம்பி இருக்கும்? எப்படிச் சொல்றீங்க?" என்று தபால்காரர் கேட்டார். கேட்டுவிட்டு ஏனோ தரையைப் பார்த்தார்.

"இந்தப் பெருசை நான் கெடுத்தேண்ணே. ஒரு பல் தடிப்பு. யார்கிட்டயும் சொல்லல. அதான் கல்லு குலுங்குது."

 கண்ணாடி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பது அவன் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

"அப்ப கெட்டதை நல்லதுன்னு சொல்லி நீங்களும் என் தலையில கட்டியிருக்கீங்க."

"ஆமா. கட்டினேன்."

"பெரிய நியாயஸ்தர்."

"என் சக்கரம் நாலும் எங்கடா?"

"என்கிட்ட இருக்கு. எனக்கு இன்னொரு உடம்பு கிடைச்சுது மாமா, போன வருஷமே. பல்சக்கரம்தான் இல்ல. பதினோரு வருஷமா எல்லாம் இந்த அறையிலதான் ஓடுது. லாரி இங்க, தறி இங்க, கிரேனும் இங்க. கேக்குறவங்ககிட்ட எல்லாம் எங்க மாமா கலெக்‌ஷன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. ஒண்ணே ஒண்ணு என்னுதா அசலா இருக்கட்டுமேன்னு எடுத்தேன். பாதி என்னுதுதானே?"

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

மெக்கானிக் கொடுத்திருக்க மாட்டார். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மேசை இழுப்பறையிலிருந்து குத்தூசியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்தார். முதல் சக்கரத்தைக் கட்டைமேல் வைத்து, வெளுத்த வட்டத்தின் நடுவில் டொக் என்று ஒரு புள்ளி அடித்தார்.

"ஓட்டிட்டியா உன் கிரேனை?"

"ம்."

"நோட்டுல எழுதினியா?"

"எழுதினேன். முழுசு, அசல்னு."

டொக். இரண்டாவது.

"எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஏழு பேர். நீங்க டியூட்டிக்குப் போயிருந்த ஒரு நாளு, என் கடை பின்னால."

மெக்கானிக்கின் சுத்தியல் நின்றது. ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏழு பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடாமல் சேர்க்க முடியாது என்று அவருக்குத் தெரியும். தபால்காரர் பக்கம் திரும்பினார்.

தபால்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் தம்பி. சக்கரம் உங்களுதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. கிரேன் இருக்கு வாங்கன்னான், போனேன்."

"போய்ட்டு வந்து மூணு ஞாயித்துக்கிழமை என்கூட உக்காந்து டீ குடிச்சீங்களேண்ணே."

"சொல்லாதீங்கன்னு சொன்னான்."

"இப்பவும் ஆயுசுல பாத்துட்டேன்னு பேனா கேட்டீங்க."

தபால்காரர் மூக்குக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். "நான் வரேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளிப்படிக்கட்டில் இறங்கினார். சுவரைப் பிடித்துப் பிடித்து மெதுவாகத்தான் இறங்கினார்.

மெக்கானிக் மூன்றாவதையும் நாலாவதையும் குத்தி முடித்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். தட்டு இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"பெட்டியை நான் இல்லாதப்பத்தான் பிரிச்சிருக்கான். ஒரு மணி நேர வேலை. உனக்குத் தெரியாம இருக்காது."

"ஒரு புதன்கிழமை வந்தான். சாவிதான் அவன்கிட்ட இருக்கே, நீங்க குடுத்தது. சுத்தம் பண்றேன், மாமாகிட்ட சொல்லிடாதன்னான். நானும் சொல்லல."

"ஏன்?"

"பொம்மைதானேன்னு நெனச்சேன்" என்றாள். இந்த முறை அந்தச் சொல்லை வாயிலிருந்து தள்ளுவதற்கு அவளுக்குச் சிரமமாக இருந்தது.

அவர் நோட்டை இழுத்தார். நான்கு பேருக்குக் கீழே விட்டிருந்த நாலு விரல் இடத்தில், 'அசல் இல்லை. பல்சக்கரம் நான்கு. ஒன்றில் ஒரு பல் கோளாறு. வெட்டியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டை மச்சினன் பக்கம் தள்ளினார்.

"நீயும் இருந்தேல்ல. போடு."

கண்ணாடி அந்த வரிகளைப் படித்தான். "நான் அந்த நாலையும் கொண்டுவந்து குடுத்துடறேன் மாமா. நாளைக்கே."

"எடுத்துட்டு வராத. உன் நோட்டுல ஏழு பேர் கையெழுத்து இருக்கு. அதைப் பொய்யாக்காத. நீ போட வேண்டிய கையெழுத்து இது."

அவன் போட்டான்.  எழுந்து, சாவிக்கொத்தை எடுத்து, இறுகிய வளையத்தை நகத்தால் நெம்பி மாடிச் சாவியைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"அக்கா, நீயாவது..."

"குடுடா."

சாவியைக் கொடுத்துவிட்டு வாசற்படி தாண்டினான். வெளிப்படிக்கட்டில் இரண்டு படி இறங்கி நின்றுவிட்டான். கூப்பிடுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ.

மெக்கானிக் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தண்டில் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கதவைப் பூட்டு" என்றார்.

"படியிலதான் நிக்கிறான்."

"தெரியும்."

அவள் தம்பியின் முதுகைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். சாவியை நுழைத்து ஒரு சுற்று. கொஞ்சம் நின்று, இன்னொரு சுற்று.