நான்காவது ஷரத்து

சீதாராமனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. சென்னையில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படித்தவர். அவர் மேனேஜராக இருக்கும் கம்பெனியின் நாற்பது தமிழ்நாட்டு ஆட்களுக்கோ தமிழைத் தவிர வேறெதுவும் வாசிக்க வராது. அதனால் வளைகுடாவில் அந்த ஆட்கள் தங்கியிருக்கும் முவைலா கேம்ப் போர்டில் ஒட்டும் நோட்டீஸ்களை எல்லாம் அவர் மனைவி நீலாதான் கையால் எழுதித் தருவாள். ஒன்பது வருஷமாக இந்த உத்தியோகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு ஆங்கிலக் காகிதத்தை அவள் முன் வைத்தார். முகத்தில், கல்யாணம் பேசி முடித்த தரகரின் பெருமை.

"ஒருவழியா பேசி முடிச்சாச்சு நீலா. கம்பெனி, ஆளுங்க, ரெண்டு பக்கமும் சந்தோஷம். எழுதிக் கொடு, படம் எடுத்து அனுப்பிடறேன்."

நீலா படித்தாள். கம்பெனி பிடித்துவைத்திருக்கும் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தரும். வருஷத்துக்கு ஒருமுறை லீவு தரும். ஒரு ரூமில் ஆறு பேருக்கு மேல் போடாது. பதிலுக்கு நான்காவது ஷரத்து: ஓடிப்போன கார்மேகம் எங்கே இருக்கிறான் என்று மூன்று நாளுக்குள் ஆட்கள் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மூன்றும் கிடையாது.

கார்மேகம் மனைவியின் ஆபரேஷனுக்கு ஊர் போகப் பாஸ்போர்ட் கேட்டவன். தரவில்லை என்று லேபர் ஆபீஸில் புகார் கொடுத்தான். மறுநாளே ஃபோர்மேன் அடிக்க வர, கேம்பை விட்டு ஓடினான். போன வருஷம் இந்த வீட்டுக்கு சோபா தூக்க வந்தபோது, "போர்டுல எழுதுறது நீங்கதானாக்கா? எழுத்து முத்துமுத்தா இருக்கு" என்று சிரித்தவன்.

"அவனைப் பிடிச்சு என்ன பண்ணுவீங்க?"

"வேலையை விட்டு ஓடினான்னு போலீஸ்ல கேஸ் போட்டு உள்ளே வைப்பாங்க. அப்புறம் ஊருக்கு ஏத்திடுவாங்க. ஒருத்தன்தானே நீலா, முப்பத்தொன்பது பேருக்கு நல்லது நடக்குது."

மறுநாள் நடக்கவிருந்த ஹிஸ்டரி டெஸ்டுக்குப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் ரக்ஷிதா தலை தூக்கினாள்.

"அப்பா, இது அப்படியே அமெரிக்கா, 1850. அங்கயும் காம்ப்ரமைஸ்தான். கலிஃபோர்னியால அடிமை கிடையாதுன்னு வடக்குக்கு ஒண்ணு. தப்பி ஓடின அடிமையை வடக்கு ஆளுங்களும் பிடிச்சுக் கொடுக்கணும்னு தெற்குக்கு ஒண்ணு. பெரிய பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு நினைச்சாங்க."

"தீர்ந்துச்சா?" என்றாள் நீலா.

"பதினோரு வருஷத்துல சிவில் வார்."

"அதையும் இதையும் ஒண்ணாப் பேசாதே. இங்க நாங்க சம்பளம் தர்றோம்" என்றார் சீதாராமன்.

நீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயும் சரி, இங்கேயும் சரி, பேரம் பேச உட்கார்ந்தவர்களில் ஓடினவன் ஒருத்தன்கூட இல்லை. அவனைக் கொடுத்துத்தான் இவர்களுக்குச் சமாதானம் வேண்டியிருக்கிறது. புருஷன்மேல் வந்த கோபத்தைவிடத் தன் கைமேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. லீவு ரத்து, போன் பேசத் தடை என்று அத்தனையையும் வாய் பேசாமல் எழுதிக் கொடுத்த கை இதுதானே.

பேனாவை எடுத்தாள். முதல் மூன்றையும் உள்ளபடி எழுதினாள். நான்காவது கொஞ்சம் நீண்டது.

"நாலும் வந்துடுச்சா?" என்று எண்களை மட்டும் சரிபார்த்துப் படம் எடுத்து அனுப்பினார் சீதாராமன்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. கேம்பைப் பார்த்துக்கொள்ளும் ஜாபர் சாதிக்.

"சார், பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டேன். ஆளுங்க கூட்டமா நின்னு படிக்கிறாங்க. நாலாவது நீங்க சொல்லித்தான் எழுதினதா சார்?"

சீதாராமன் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"நீலா, இதுல என்ன எழுதியிருக்க?"

நீலா போனுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"நான்கு. கார்மேகம் இருக்கும் இடத்தை யாரும் சொல்லாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். உங்கள் பொருளைத் திரும்ப வாங்க ஒருவனைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. இப்படிக்கு, இத்தனை நாள் இந்த போர்டில் எழுதிவந்த நீலா சீதாராமன்."