பார்த்திபனின் குரல்

மாமல்லபுரத்துச் சிற்பங்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கிச் சொல்வதுதான் பார்த்திபனின் தொழில். ஒரு கோடையில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது; மழைக்காலம் வந்தும் சரியாகவில்லை. குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவர் குரல்வளையை எடுத்துவிடச் சொன்னார்.

"எடுத்துட சொல்லு. உசுரு இருந்தா போதும்" என்றாள் மனைவி துர்காதேவி.

"பேசாம நான் இன்னா வேல செய்றது?"

பல்கலைக்கழகப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் டாக்டர் ஜெனிஃபர் வேறு வழி சொன்னார். அங்கே புதிய மருந்து ஒன்றை ஆய்வுக்காகக் கொடுத்துவந்தார்கள்.

"கட்டி சுருங்கினா கதிர்வீச்சு போதும், குரல் தப்பிக்கலாம். சுருங்கலைன்னா ஆபரேஷன்தான். அப்ப நீங்க மறுக்கக் கூடாது."

பார்த்திபன் ஒப்புக்கொண்டார். துர்காதேவிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மருந்து ஏற்றிக்கொள்ள ஒவ்வொரு முறையும் அவளேதான் பஸ்ஸில் அழைத்துப் போனாள். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. கதிர்வீச்சின்போது எச்சில் விழுங்குவதே வேதனையாக இருந்தது. வடிகட்டிய கஞ்சியைக் குடித்தே அந்த நாட்களைக் கடத்தினார்.

கட்டி மறைந்தது. திரும்பி வருமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்றார் ஜெனிஃபர்.

அடுத்த மழைக்காலமும் முடிந்து, தை மாதம் பார்த்திபன் வேலைக்குத் திரும்பினார். அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தின் முன்னால் மதுரைக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவருடைய குரல் கரகரப்பாக, மெல்லியதாக வந்தது.

"ஒண்ணும் கேக்கலையே" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"இவ்ளோதான் சார் வரும். கிட்ட வாங்க."

அவர்கள் நெருங்கி வந்து நின்றார்கள். பார்த்திபன் பாறையில் செதுக்கியிருந்த யானைகளிலிருந்து தொடங்கினார்.