அம்பெடுக்கும் உரிமை

சவரிமுத்து நாட்டாமையின் கையில் வெள்ளி அம்பு இருந்தது. அவருடைய ஒரே மகள் பிலோமினா, நாலு வீடு தள்ளி, விதவை ஆனந்தமேரியின் குடிசையில் பெரியம்மை கண்டு கிடந்தாள். தெருவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அம்பு கைமாறிவிடும்.

1957, ஜனவரி. செபஸ்தியார் திருநாள். கொள்ளைநோய் அண்டாமல் காக்கிற புனிதர் அல்லவா? பூசை முடிந்ததும் அவர் மேல் பாய்ந்த அம்பின் நினைவாக இந்த அம்பு வீடுவீடாகப் போகும். எல்லோரும் அதில் உதடு பதித்து முத்தி செய்வார்கள். திண்டுக்கல்லின் அந்தத் தெருவில் அம்பெடுக்கும் உரிமை சவரிமுத்து வீட்டுக்குத்தான். ஆனால் அம்மை கண்ட வீட்டுக்காரன் அதைத் தொடக் கூடாது, அடுத்த பங்காளி சூசைக்குப் போய்விடும் என்பது தெருக்கட்டு. சூசை கையில் அம்பைப் பார்ப்பதைவிடச் சாவது மேல் என்று நினைக்கிற ஆள் சவரிமுத்து.

அதனால்தான் மகளைப் போர்வையில் சுற்றி ஆனந்தமேரியிடம் ஒப்படைத்தார். அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது; இனி அண்டாது. "நான் வாயத் தொறக்க மாட்டேண்ணே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

காலைப் பிரசங்கத்தில் சாமியார் கேட்டார்: "அம்பு பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவரைத் தூக்கிப்போய்க் காப்பாற்றியவள் ஒரு விதவை. பிழைத்தவர் ஓடி ஒளிந்தாரா? கொல்லச் சொன்ன ராயனுக்கு முன்னாலேயே போய் நின்று உண்மையைச் சொன்னார். அடித்தே கொன்றார்கள். நீங்களாக இருந்தால்?"

சவரிமுத்து பக்தியோடு தலையாட்டினார்.

ஊர்வலம் ஆனந்தமேரி வாசலுக்கு வந்தபோது சூசை மூக்கை உறிஞ்சினான்.

"ஏத்தா மேரி, உள்ள என்ன வேப்பிலை வாசம்?"

அவள் மறிப்பதற்குள் படலைத் தள்ளிவிட்டான். பாயில் ஒரு சிறு உருவம், முகம் தெரியாமல் மூடிக் கிடந்தது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த காலெல்லாம் கொப்புளம்.

"ஊரே கூடுற நாள்ல அம்மைய ஒளிச்சு வச்சிருக்கா. யாரு புள்ளடி இது? உனக்குத்தான் வயிறே தொறக்கலையே."

யாரோ சிரித்தார்கள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் ஆனந்தமேரி. "நாட்டாமை சொல்லட்டும்."

அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது. சவரிமுத்து அம்பை இறுக்கிப் பிடித்தார்.

"யாரோ புள்ள. ரெண்டு பேரையும் ஊருக்கு வெளிய பத்துங்க."

முதல் கல் ஆனந்தமேரியின் தோளில் விழுந்தது. அவள் பிள்ளையைப் போர்வையோடு வாரியெடுத்துக்கொண்டு வேடசந்தூர் ரோட்டைப் பார்த்து நடந்தாள். அவரைக் கடக்கும்போது போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா... தண்ணி."

"மேளத்த அடிங்கடா" என்றார் சவரிமுத்து.

அடித்தார்கள். ஆனால் பெண்கள் வரிசையில் நின்ற அவர் மனைவி அருளாயிக்கு அந்தக் குரல் எட்டிவிட்டது. வரிசையைப் பிளந்து வெளியே வந்தாள். நடந்தாள். பிறகு ஓடினாள். மேளம் தானாக நின்றது. யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சூசை அவசரப்படவே இல்லை. "அம்பக் கீழ வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க நாட்டாமை."

வைத்தார். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்துச் சூசை எடுத்துக்கொண்டான். மேளம் மறுபடி தொடங்கி அடுத்த வாசலுக்குப் போனது.

ஊர் எல்லை தாண்டி, பொட்டல் வெயிலில் சவரிமுத்து அவர்களை எட்டிப்பிடித்தார். பிள்ளை இப்போது அருளாயியின் தோளில். தலை துவண்டு தொங்கியது. தண்ணீர் கேட்ட குரல் நின்றுபோயிருந்தது.

"குடு. நான் தூக்கிக்கிறேன்."

அருளாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க எதுக்கு வாரீக? யாரோ புள்ளதானே."