காப்புக் கட்டிய எட்டு நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஹபீலா மிஸ் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, "இந்திரகுமார், இதக் கொஞ்சம் பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாள் மாலை, அவர் போன பிறகு நானே அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன்.

பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில், பழைய துரை பங்களாவின் பின்கட்டில்தான் எங்கள் ஆராய்ச்சிக் கிளை இருந்தது. மூன்று அறை, ஒரு புழு வளர்க்கும் கொட்டகை. 1998ஆம் வருடம் எனக்கு அங்கே பதினாறாவது வருடம். மிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வருட ஆய்வுக்காக வந்தவர். தேயிலைத் தளிரை நூலால் சுருட்டிக் கட்டி உள்ளேயிருந்து தின்னும் சுருட்டுப்புழு இருக்கிறதே, அதன் நடுக்குடல்தான் அவருடைய ஆய்வு. புது இனத் தேயிலையைத் தின்ற புழுவின் குடல் கெட்டுப்போகிறதா, பழைய செடியைத் தின்ற புழுவின் குடல் நன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பழைய செடித் தட்டுக்கு ஏ, புதுச் செடித் தட்டுக்கு பி. குடலை எடுத்து மெழுகில் பதித்து, மயிரை விட மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டுப் பார்த்தால், நல்ல குடலின் சுவரில் உயிரணுக்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டி நெட்டுக்கு நிற்கும். உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு, தின்ற தழை சுவரைக் கிழிக்காதபடி அந்தத் தழையைச் சுற்றிப் பொதிந்திருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, எங்களுக்குக் குடல் எடுத்துத் தரும் விஜயகலா, "கொழுந்தெடுக்கப் போறப்ப செடி கிழிக்காம இடுப்புல படங்கு கட்டுவோமே, அந்த மாதிரில்ல இருக்கு" என்றாள். மிஸ் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அன்று நான் பார்த்த கண்ணாடியில் படங்கும் இல்லை, லயமும் இல்லை. உயிரணுக்கள் வீங்கி, தலை வெடித்து, குடலுக்குள்ளேயே உதிர்ந்து கிடந்தன. அது ஏ தட்டுப் புழு. நன்றாக இருக்க வேண்டிய புழு.

"ஏயும் பியும் ஒண்டு போலவே ஈக்கி" என்றார் மிஸ். "கொட்டகையில நோய் விழுந்திருக்கு. வேற காரணம் எனக்கு விளங்கல்ல." சற்று நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை எல்லாப் புழுவையும் கொதி தண்ணியில போட்டுடுங்க. கொட்டகைய மூடிடுவோம். மிச்சத்த வச்சு நான் எழுதுறதுதான்." குரலில் கோபமே இல்லை. இரண்டு வருடக் களைப்பு மட்டும் இருந்தது.

கொட்டகையை மூடினால் விஜயகலா மலைக்குத்தான் திரும்ப வேண்டும். ஒன்பது வருடம் கொழுந்தெடுத்தவள். மழையில் சரிவில் விழுந்து இடது முழங்கால் போன பிறகு, தற்காலிக ஆளாக எங்களிடம் வந்து நான்கு வருடம். உப்புத் தண்ணீரில் புழுவைப் போட்டு, தலையையும் வாலையும் கத்தரித்து, இடுக்கியால் ஒரே இழுவை. குடல் முழுசாக, பச்சைக் குழாயாக மிதக்கும். நான் பத்தில் நாலைக் கிழிப்பேன். அவள் நூறில் ஒன்றைக் கிழித்தாலும் அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அவளை நிரந்தரமாக்கச் சொல்லி மிஸ் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆய்வு முடிந்ததும் அறிக்கையோடு சேர்த்து அனுப்புவதாக இருந்தார்.

நோய் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாசி மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. முழங்காலுக்காக நேர்ந்துகொண்டு விஜயகலா காப்புக் கட்டியிருந்தாள். மறுநாள் வேலைக்கு வந்தவள் இடுக்கியைத் தொடவில்லை.

"அண்ணே, எட்டு நாளைக்கு உசிரெடுக்க மாட்டேன். நீங்க வெட்டுங்க, நான் தழை போடுறேன்."

"நான் வெட்டினா பாவமில்லையா?"

"நீங்கதான் ஞாயித்துக்கிழமைன்னா ஆட்டுக்கறி தேடிப் போற ஆளு. ஒங்களுக்குப் பாவம் பழகிப்போச்சு."

சிரித்துவிட்டு மாற்றிக்கொண்டோம். தழை போடுவது என் வேலை. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டுத்தான் போட வேண்டும் என்று மிஸ் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். விஜயகலாவும் கழுவினாள். ஆனால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் முடிந்த வேப்பிலை. காப்பை அவிழ்க்கக் கூடாது. விடிகாலையில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளித்த கை. எங்கள் பக்கத்து மழைக்கு வேம்பு வளராது. திருவிழாவுக்காக கொடகவெல தாண்டிக் கீழே வெயில் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக பஸ்ஸில் வரும். அதனாலோ என்னவோ அது புழுவைக் கொல்லும் என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. பதினாறு வருடம் இந்த வேலை பார்த்த எனக்கும், அந்த எட்டு நாள் தழை தின்ற புழுவின் கண்ணாடியைப் பார்க்கும்வரை வரவில்லை. பதிவுப் புத்தகத்தில் எட்டு நாளும் 'தழை இட்டவர்' என்ற இடத்தில் என் கையெழுத்தையே போட்டேன். மாற்றி எழுதினால் கேள்வி வரும் என்றுதான். நாற்பத்தைந்து வயதுவரை ஒரு திகதி பிழையாக எழுதாதவன் நான்.

அன்று பதினொரு மணித் தேத்தண்ணிக்குக் கொட்டகைக்குப் பின்னால் அவளிடம் இதைச் சொன்னேன்.

"வேப்பிலை மருந்துல்ல?"

"நமக்கு மருந்து. புழுவுக்கில்ல."

"முழங்கால் அப்படியேதான் இருக்கு. நான் கேட்ட மருந்த ஆத்தா புழுவுக்குக் குடுத்துட்டா போல." சிரிக்க முயன்று விட்டுவிட்டாள்.

"பேசாம இரு" என்றேன். "நோய்னே போகட்டும். ஒன் மேல பழி வராது. கடிதத்தை மட்டும் அனுப்பச் சொல்லி நான் மிஸ்ஸுக்கிட்ட கேக்குறேன்."

"கொட்டகையே இல்லாம கடிதம் எதுக்குண்ணே?" என்றாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை அவள் அரை மணி நேரம் பிந்தி வந்தாள். கையில் பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலம். நேரே மிஸ்ஸின் மேசைக்குப் போய்ப் பிரித்து வைத்தாள். திருவிழாவுக்கு வீட்டு நிலையில் செருகி, யாரும் எடுக்காமல் காய்ந்துபோன வேப்பங்கொத்து.

"மிஸ், இது நோயில்லிங்க. காப்புக் கட்டின கையோட எட்டு நாளும் தழை போட்டது நான்தான். அண்ணன் இல்ல."

மிஸ் கொத்தைப் பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளி மோந்தார். "ஏன் எனக்கிட்ட அண்டைக்கே செல்லல்ல?"

"இது இப்படிப் பண்ணும்னு தெரியாதுங்க."

"செல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேனோ தெரியாது" என்றார் மிஸ், யாருக்கும் சொல்லாததுபோல. பிறகு பதிவுப் புத்தகத்தை இழுத்து, மாசி மாதத்துப் பக்கத்தைத் திருப்பினார். எட்டுக் கையெழுத்து. ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துக்கொண்டே வந்தார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்காமல் புத்தகத்தை மூடி வைத்தார்.

"சரி. பாத்துடுவோம்" என்றார். "வெள்ளிக்கிழமை ஒண்டும் கொதிக்க வைக்க வேணாம். பத்துப் புழுவுக்குச் சுத்தக் கையால பழைய செடித் தழை. இன்னொரு பத்துக்கு அதே தழை, இந்தக் கொத்த ஊறப்போட்டுக் கையில பூசிக்கொண்டு. அஞ்சு நாள். கொத்துப் புழு மட்டும் கெட்டிருந்தா அந்த எட்டு நாள் கணக்க மட்டும் தள்ளிட்டுக் கொட்டகைய நடத்தலாம். ரெண்டும் கெட்டிருந்தா நோய்தான்." கதவுவரை போனவர் திரும்பினார். "யார் வேலையில ஈக்கிறது, யார் போறதுங்கிறது அதுக்குப் பொறகு."

விஜயகலா கொத்தைக் கிள்ளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். "நிலையில இருந்து பிடுங்கிட்டேன். ஆத்தா கோவிச்சா கோவிச்சுக்கட்டும்" என்றாள். சுத்தத் தட்டுக்கு நான் தழை போட்டேன். மற்றதுக்கு அவள். பதிவுப் புத்தகத்தில் இந்த முறை அவரவர் பெயரை எழுதினோம். தன் பெயரை அவள் எழுத்துக் கூட்டி, கோட்டுக்கு மேலே ஏறிப்போக எழுதினாள்.

திங்கட்கிழமை மழை. விளக்கைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். மெழுகு, சாயம் எல்லாம் பிறகுதான். நாலு வருடமாக இழுத்த கைக்குக் குடல் வருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்; கெட்ட குடல் இழுவைக்கு அறுந்துபோகும். முதலில் சுத்தத் தட்டு. தலை, வால், ஒரு இழுவை. பச்சைக் குழாய் ஒரு கிழிசல் இல்லாமல் உப்புத் தண்ணீரில் நீண்டு மிதந்தது. அடுத்ததும் அப்படியே. பத்தும் அப்படியே வந்தன. மிஸ் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

விஜயகலா இடுக்கியைத் துடைத்தாள். மற்றத் தட்டை இழுத்து முன்னால் வைத்தாள். குடல் அறுந்து வந்தால் கொட்டகை பிழைக்கும், குற்றம் அவளுடையது. முழுசாக வந்தால் அவள் மேல் குற்றமில்லை. ஆனால் என்ன காரணமென்று தெரியாமலே எல்லாம் மூடும். எது வர வேண்டுமென்று நான் நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. கெட்ட காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்துக்கொண்டு, ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலை. வால். இடுக்கியின் நுனி உள்ளே போய்ப் பிடித்தது. நூறில் ஒன்றுக்கு மேல் கிழிக்காத அந்தக் கை, இழுக்காமல், தண்ணீருக்கு மேலே அப்படியே நின்றது.