ஏணிப் பட்டைக்குப் பின்னால்

தோட்டத்துச் செடிகளுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு டாக்னி சோதனைத் தொட்டிக்குள் குனிந்து நுழைந்தாள். ஒரு காலத்தில் பால் பண்ணையில் நின்ற எஃகுத் தொட்டி அது. பக்கவாட்டில் சிறிய கதவு வெட்டிப் பட்டறையின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். எத்தனை முறை கழுவியும் மழை நாட்களில் உள்ளே புளித்த பால் வாடை லேசாக எழும். நவம்பரில் எல்லா நாளும் மழை நாள்தான்.

பம்பில் இருந்தது வைட்டமின் பொடியைக் கரைத்த தண்ணீர். சாதாரண வெளிச்சத்தில் மங்கலான மஞ்சள். இருட்டில் ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். சுவர் முழுக்க அதை அடிக்க வேண்டும். அப்புறம் கழுவ வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கறுப்பாகத் தெரிந்தால் சுத்தம். பச்சை எங்கே தெரிகிறதோ அங்கே தண்ணீர் போகவில்லை. இதில் வாதாட ஒன்றும் இல்லை என்பதால் டாக்னிக்கு இந்தச் சோதனை பிடிக்கும்.

உள்சுவரில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு ஏணி. போன மாதம்தான் பொருத்தினார்கள். எங்கள் தொட்டிகளில் ஏணி உண்டு, அது இல்லாமல் சோதனை செய்தால் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று துறைமுக எண்ணெய்க் கிடங்கிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஏணியைச் சுவரோடு பிடித்துக்கொள்ள உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புப் பட்டை. பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும் இடுக்கு. டாக்னி பம்பின் குழலை அந்த இடுக்குக்குள் விட்டு இரண்டு பக்கமிருந்தும் அடித்தாள்.

"அங்க அவ்வளவு வேணாம்," என்றார் பட்டறைக்காரர் ஆஸ்கெர், கதவருகே நின்றபடி.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல, சும்மா சொன்னேன். நீ அடி."

இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை ஒத்திகையில் எல்லாச் சுவரும் கறுப்பாக இருந்தது, அந்தப் பட்டையின் கீழ் விளிம்பைத் தவிர. அங்கே மட்டும் பச்சையாக ஒரு கீற்று. ஆஸ்கெர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது பட்டையோட குத்தம். தலையோட குத்தம் இல்ல," என்றார் கடைசியில்.

தலை என்று பட்டறையில் சொல்வது அவருடைய கண்டுபிடிப்பை. கைமுட்டி அளவுள்ள எஃகு உருண்டையில் நான்கு துளைகள். மேலேயிருந்து ஒரு குழாயில் தொங்கும். மற்றவர்கள் செய்யும் தலைகள் வெறுமனே சுற்றிக்கொண்டே தண்ணீரைப் பீய்ச்சும். ஆஸ்கெரின் தலை சுற்றும்போதே இடமும் வலமும் துடிக்கும். அவருடைய அப்பா காலத்தில் இதே பட்டறையில் புட்டி கழுவும் தூரிகையும் பல் தூரிகையும் செய்தார்கள். ஒருநாள் காலை ஆஸ்கெர் மின்சாரப் பல் தூரிகையை வாய்க்குள் வைக்கும் முன்பே தெரியாமல் பொத்தானை அழுத்திவிட்டார். பற்பசை கண்ணாடி முழுக்கத் தெறித்தது. அது தெறித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டுப் பல் தேய்க்காமலே பட்டறைக்கு ஓடிவந்ததாகச் சொல்வார். வருகிற எல்லோரிடமும் சொல்வார். இன்றும் சட்டைப் பையில் ஒரு பல் தூரிகை இருக்கும். தலையின் துளைகளில் சேரும் உப்பைத் தேய்த்தெடுக்க.

"அவங்க டேங்க்ல இந்த மாதிரி பட்டை நிறைய இருக்கு, ஆஸ்கெர்," என்று டாக்னி புதன்கிழமையே சொன்னாள். "பின்னாடி டீசல் தங்கிட்டா, வெல்டிங் சூட்டுல ஆவியாகிப் பத்திக்கும்."

"ஆவி இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பார்க்காம எவன் வெல்டிங் பண்ணுவான்?"

"குளிர்ல அது ஆவியாகாது. அப்போ மீட்டர்ல ஒண்ணும் காட்டாது. பத்தவெச்சப்புறம்தான்…"

அவர் தூரிகையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "அடுத்த தலைல சரி பண்ணிடலாம். முதல்ல இது ஒண்ணு வித்துப் போகட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. அது டாக்னிக்குத் தெரியும். அதனால்தான் பம்பைக் கழுவப் போய்விட்டாள்.

சோதனையைப் பார்க்கக் கிடங்கிலிருந்து இன்று இருவர் வந்தார்கள். மேலாளர் போடில், ஈரக் குடையை உதறிவிட்டு மடித்தாள். அவளுக்குப் பின்னால் யெப்பே, டாக்னியின் அண்ணன். கிடங்கில் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டிக் கழுவும் கூட்டத்துக்கு அவன்தான் மூத்தவன்.

"என்ன விஞ்ஞானி, என் வேலையப் பறிக்க எல்லாம் ரெடியா?" என்றான் தங்கையைப் பார்த்து.

"மேல உக்காந்து பொத்தான் அமுக்கற வேலைய உனக்குத் தரேன்."

"அமுக்கத் தெரியாதே எனக்கு. சொரண்டத்தான் தெரியும்."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போல மேசையில் உருண்டை ரொட்டிகளும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் இருந்தன. நடுவில் சின்னக் கம்பத்தில், பிறந்தநாள் மேசையில் வைக்கும் சிவப்பு வெள்ளைக் கொடி. யாருக்குப் பிறந்தநாள் என்று போடில் கேட்டாள். "தலைக்குத்தான்," என்றார் ஆஸ்கெர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பற்பசைக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

யெப்பே ரொட்டியை இரண்டாக வெட்டி வெண்ணெயைத் தடித்த துண்டாக வைத்தான். பாலாடைக்கட்டியை எடுத்து மூக்குக்கு அருகே கொண்டுபோனான். பிறகு டாக்னியின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்: "இது அந்த நாத்தம் புடிச்சதா, சாதாரணமா?"

"நாத்தம் புடிச்சது."

"அப்போ நல்லதுதான்," என்று வாயில் போட்டுக்கொண்டான்.

யெப்பே முகமூடி போட்டுத்தான் தொட்டிக்குள் இறங்குவான். ஆனாலும் அவன் உடுப்பிலும் தலைமுடியிலும் தொட்டியின் வாடை கூடவே வரும். எந்த வருடத்தில் மூக்கு மணம் அறியாமல் போனதென்று அவனுக்கே சரியாகத் தெரியாது. ஒரு கிறிஸ்துமஸ் அன்று அடுப்பில் வாத்து கருகி, வீடு முழுக்கப் புகை நாறியது. அதே அறையில் உட்கார்ந்து அவன் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அதை வீட்டில் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். அவனும் கூடவே சிரிப்பான். டாக்னி வேதியியல் முடித்ததும் தலைநகரில் கிடைத்த வேலைக்குப் போகாமல் இந்தப் பட்டறைக்கு வந்ததற்குக் காரணம் அந்த வாத்துதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. மனிதன் இறங்காமலே தொட்டி சுத்தமாகும் என்று ஆஸ்கெர் சொன்ன முதல் நாளே அவள் சேர்ந்துவிட்டாள்.

ஆனால் அவன் இறங்கும்போது ஒரு பழக்கம் வைத்திருந்தான். சுரண்டி முடித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பட்டைக்குப் பின்னாலும் கட்டைவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பான். கையுறையைக் கழற்றக் கூடாது என்பது விதி. கண்ணும் ஏமாத்தும், மீட்டரும் ஏமாத்தும், இது ஏமாத்தாது என்பான், விரலைக் காட்டி.

தலையை ஓடவிட்டார்கள். எஃகுச் சுவருக்குள் தண்ணீர் மோதும் சத்தம் பட்டறை முழுக்க அதிர்ந்தது. மேசையில் கோப்பைகள் கிணுகிணுத்தன. கொடி மெல்லச் சுழன்று டாக்னியின் பக்கம் திரும்பி நின்றது. சத்தம் நின்றதும், தண்ணீர் வடியும் வரை இன்னொரு காப்பி குடிக்கும்படி ஆஸ்கெர் விருந்தினர்களை உட்காரவைத்தார். முதல் பார்வை எப்போதும் செய்தவர்களுக்குத்தான் என்பது பட்டறை வழக்கம். அதை யாரும் சந்தேகமாக எடுத்துக்கொண்டதில்லை.

அவரும் டாக்னியும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். அவள் ஊதா விளக்கைப் போட்டாள்.

சுவர்கள் கறுப்பு. அடித்தளம் கறுப்பு. ஏணியின் படிகள்கூடக் கறுப்பு. பட்டையின் கீழ் விளிம்பில் மட்டும் பச்சைக் கீற்று, புதன்கிழமை இருந்த அதே இடத்தில்.

ஆஸ்கெர் பையிலிருந்து தூரிகையை எடுத்தார். பல் தேய்ப்பதைப் போலவே, சின்னச் சின்ன அசைவில், விளிம்பு நெடுகத் தேய்த்தார். நாரிழைகள் இரும்பில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பச்சை மங்கி மறைந்தது. சட்டைக் கையால் ஒருமுறை துடைத்தார். தூரிகை பைக்குத் திரும்பியது.

"ஆஸ்கெர்."

"வாசல்ல உக்காந்திருக்காங்க, டாக்னி. வங்கிக்காரன் திங்கக்கிழமை வரான். இது போகலன்னா பட்டறையே இல்ல, அடுத்த தலையும் இல்ல." குரல் தணிந்தே இருந்தது. "அப்புறம் உன் அண்ணன் சாகற வரைக்கும் சொரண்டிக்கிட்டேதான் இருப்பான். அது பரவாயில்லையா உனக்கு?"

அவள் பக்கம் திரும்பாமலே அவர் கதவைத் திறந்து அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்.

நான்கு பேர் நின்றதும் தொட்டிக்குள் இடம் நெருக்கமாகிவிட்டது. கதவைச் சாத்தினார்கள். விளக்கு டாக்னியின் கையில் இருந்தது. அவள் அதைச் சுவர் நெடுக மெதுவாகக் கொண்டுபோனாள்.

"அட," என்றாள் போடில். "ஒண்ணுமே இல்லையே."

"பம்புல மஞ்சளா இருக்கே, என்ன அடிச்சீங்க?" என்று யெப்பே கேட்டான்.

"வைட்டமின்," என்றாள் டாக்னி.

"மாத்திரை போட்டா மூத்திரம் மஞ்சளா போகுமே, அதுவா?"

"அதேதான்."

"அப்போ ஆரோக்கியமான டேங்க்னு சொல்லு."

போடில் சிரித்தாள். அவளுடைய குரலில் இப்போது அவசரம் வந்திருந்தது. "அப்படின்னா செவ்வாய்க்கிழமை நம்ம டேங்கைக் கழுவிடலாம். புதன்கிழமை நேரா வெல்டிங். கப்பல் வரதுக்குள்ள புதுக் குழாய் போட்டாகணும். சொரண்டற ஒரு வாரம் மிச்சம். இல்லையா யெப்பே?"

"விரல் வெச்சுப் பார்க்கறது?"

"அதுக்குத்தானே இது. இறங்கவே வேணாம்னுதானே வாங்கறோம். வெல்டிங்குக்கு மட்டும் நீ போனா போதும்."

ஆஸ்கெர் பேசுவதற்காக ஓர் அடி முன்னால் வந்தார். ஊதா வெளிச்சம் அவர் நெஞ்சில் விழுந்தது. சட்டைப் பைக்குள்ளிருந்து, துணியையும் மீறி, பச்சையாக ஓர் ஒளி தெரிந்தது. விரல் நீளம். துணியின் இழைகள் ஒவ்வொன்றாகத் தெரியும் அளவுக்குப் பிரகாசமாக.

"ஆஸ்கெர், உங்க நெஞ்சுல என்னமோ எரியுது," என்றான் யெப்பே.

"தூரிகை," என்றார் அவர். கை தானாகப் பையை மூடியது. "கரைசல் கலக்கறப்போ பட்டிருக்கும்."

"நல்லவேளை. நான் காதலோன்னு நெனச்சேன்."

மறுபடியும் சிரித்தார்கள். யெப்பே தங்கையின் பக்கம் திரும்பினான். இருட்டில் அவன் பற்களும் கண்ணின் வெள்ளையும் மட்டும் ஊதாவாகத் தெரிந்தன. சிரிப்பு இன்னும் முழுதாகப் போகாத குரலில் கேட்டான்: "எனக்கு இந்த லைட்டெல்லாம் புரியாது. நீ பாத்துட்டல்ல? நீ சொன்னா நான் விரல் வைக்க மாட்டேன்."

பள்ளியில் விடை தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்த பெண் டாக்னி. ஆஸ்கெர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. இரும்பு அதை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தூரிகை போனது விளிம்பு வரைக்கும். இடுக்குக்குள் அவள் இரண்டு பக்கமிருந்தும் அடித்தது அப்படியே இருக்கிறது. தண்ணீருக்கு அவசரம் கிடையாது. ஆனால் அது கீழேதான் வரும்.

"கொஞ்ச நேரம் நிக்கலாம்," என்றாள்.

"எதுக்கு?" என்றாள் போடில்.

"சும்மா. நிக்கலாம்."

விளக்கை ஏணிப் பட்டையின் மேல் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெளியே தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஆஸ்கெரின் விரல்களுக்கு நடுவே பச்சை கசிந்துகொண்டிருந்தது. போடில் காலை மாற்றி வைத்தாள். பட்டை கறுப்பாகவே இருந்தது. அது அப்படியே இருந்துவிடுமோ என்று டாக்னி பயந்தாள். இருந்துவிட்டால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தாள்.

பட்டையின் கீழே ஒரு புள்ளி பச்சையாகத் தோன்றியது. கடுகளவு. அது கனத்தது, நீண்டது, பிடி விட்டது. கறுப்புச் சுவரில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று திரண்டது.

"சின்னதுதானே," என்றாள் போடில் சற்றுப் பொறுத்து. குரல் மென்மையாக இருந்தது. "ஒரு சொட்டு."

"அடுத்த தலைல அதைச் சரி பண்ணிடுவோம்," என்றார் ஆஸ்கெர்.

"புதன்கிழமைக்கு ஆளுங்களைச் சொல்லியாச்சு," என்றாள் போடில். இதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

யெப்பே ஏணிக்கு அருகே போனான். கட்டைவிரலைப் பட்டைக்குப் பின்னால் விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நிதானமாகத் தடவினான். வெளியே எடுத்தபோது விரல் நுனி முதல் அடி வரை பச்சையாக ஒளிர்ந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு, பழக்கத்தில், மூக்குக்கு அருகே கொண்டுபோனான். மேலுதடும் மூக்கின் விளிம்பும் பச்சை ஒளியில் தெரிந்தன. கண்களை மூடி ஆழமாக மூச்சை இழுத்து, அப்படியே வாடைக்குக் காத்துக்கொண்டு நின்றான்.