டர்னிப் பழகிய கை

ஜன்னலில் விளக்கு தெரிந்ததும் ஆட்கள் வருவார்கள் என்று புருஷன் காண்டி சொன்னபோது, ரோஷா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவு அவள் தம்பி மானஸ் வாங்கி வந்தது.

"கொல்ல மாட்டாங்க," என்றான் காண்டி. "ரெண்டு கையையும் ஒடிச்சு விடுவாங்க. அவ்வளவுதான். கை வெளங்காதவன் குழிக்குள்ள எறங்க மாட்டான்ல?"

அவ்வளவுதானாம். என்னமோ கோழி ரெக்கையைச் சொல்வதுபோலச் சொன்னான். போன மாதம் இப்படித்தான் ஒருவனைக் கரிமேட்டுக்கு இழுத்துப்போய் அடித்தார்கள். இப்போது அவனுக்கு அவன் பெண்டாட்டி கஞ்சி ஊட்டுகிறாள்.

பென்சில்வேனியா மலையில் அந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. அயர்லாந்தின் டோனகலிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள்தான் அந்த வரிசை வீடுகளில் பாதி. வேலைநிறுத்தம் என்றால் எல்லோரும் நிறுத்தம். ஒருவன் இறங்கினாலும் அவன் கருங்காலி. மானஸ் போன வாரம் இறங்கினான். ரோஷாவின் கடைக்குட்டி பெல்லா இருமி இருமி நீலம் பாரித்துக் கிடந்தாள். வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லை. தாய்மாமன் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முகமெல்லாம் கரியோடு வீடு திரும்புகிறவனை எங்கே மறைப்பது? ஊருக்கே தெரிந்துவிட்டது. அவன் வாங்கி வந்த மாவில் சுட்ட ரொட்டியை காண்டியும் மூன்று வேளை தின்றான். தின்ற வெட்கம்தான் அவனை இப்படி ஆட்டியது. கருங்காலி தன் வீட்டிலேயே படுத்து எழுகிறான் என்ற பேச்சை வேறு எப்படித் துடைப்பது?

"அவன் என் தம்பி, காண்டி."

"எனக்கும் மச்சான்தான். அதுக்கு?"

காலையில் இதையே அவள் கொஞ்சம் சத்தமாகக் கேட்டபோது உதடு கிழிந்தது. இப்போது கேட்கவில்லை.

அன்று ஹாலோவீன், ஆவிகள் இறங்கும் நாள். பிள்ளைகள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு வீடு வீடாகப் போகக் கிளம்பியிருந்தார்கள். கொஞ்சம் தேறியிருந்த பெல்லாவைக்கூட ஒருத்தி இடுப்பில் தூக்கிப் போயிருந்தாள். டோனகலில் இந்த நாளுக்கு டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இங்கே ஏது டர்னிப்? பள்ளத்தாக்கில் விவசாயம் பார்க்கும் ஜெர்மன்காரனிடமிருந்து காண்டி ஒரு பறங்கிக்காய் கொண்டுவந்திருந்தான். அந்த வீட்டில் யாரும் அதற்குமுன் பறங்கிக்காயில் முகம் வெட்டியதில்லை. மத்தியானம் முழுக்க அவனே அதன் தலையைச் சீவி, குடலை எடுத்து, கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தான். டர்னிப்பைச் சுரண்டுகிறவன் எவ்வளவு சுரண்டினாலும் போதாது என்றுதான் நினைப்பான். அந்த நினைப்பில் இதையும் தோல்வரை சுரண்டி வைத்தான்.

"மூஞ்சியை நீ வெட்டு. ஊர்ல உன் கைதானே பேர் வாங்கின கை. வெளிச்சம் ரோட்டு வரைக்கும் தெரியணும்."

மானஸைக் காட்டிக்கொடுக்கும் முகத்தை அவளே வெட்ட வேண்டுமாம். கத்தி எங்கே என்று தேடினாள். அடுப்பில் தீ போதவில்லை என்றாள். ரொட்டி கருகும் என்றாள். எத்தனை சாக்குத்தான் சொல்வது? ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. கரிக்கொட்டகைப் பக்கம் நாலு பேர் நிற்பது தெரிந்தது. காண்டியின் கூட்டாளி ஹ்யூடியின் தொப்பியை அவளுக்கு அடையாளம் தெரியும்.

மானஸ் வந்தான். வழக்கம்போலக் குனிந்து நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"பறங்கிக்காயா? மச்சான், இது உன் தலையைவிடப் பெருசா இருக்கே."

"குளிச்சிட்டு வாடா, சாப்பிடலாம்," என்றான் காண்டி. சிரித்துக்கொண்டே சொன்னான்.

மானஸ் பின்கட்டுத் தொட்டிக்குப் போனான். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. ரோஷா அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். காண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

"ஓடு-ன்னு சொல்லப் போறியா? சொல்லிப் பாரு. அப்புறம் இந்த வீட்டுல ஒடியுறது அவன் கை மட்டும் இருக்காது. குத்துடி!"

முக்காலியில் உட்கார்ந்து, பறங்கிக்காயைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான். ஊரில் அப்படித்தான்: ஒருவர் இடுக்கிப் பிடிக்க, ஒருவர் குத்துவார். பன்றி அறுக்கும் நீளக்கத்தியை அவள் கையில் திணித்தான்.

வேண்டுமென்றே குத்தினாள் என்று பிற்பாடு ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். சொன்னவர்கள் ஒருநாளாவது டர்னிப்பில் கண் வெட்டியிருக்க வேண்டும். அது கிழங்கல்ல, கல். இரண்டு கையாலும் பிடித்து, தோள் பாரம் முழுவதையும் இறக்கிக் குத்தினாலும் கத்தி விரற்கடைதான் போகும். பிறந்ததிலிருந்து அப்படிக் குத்திப் பழகிய கை அவளுடையது. போதாததற்கு அன்றைய ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. ஓங்கி இறக்கினாள்.

வெந்த கிழங்கில் இறங்குவதுபோல இறங்கியது. முன்தோலைத் துளைத்து, வெற்று வயிற்றைக் கடந்து, பக்கத்துத் தோலைக் கிழித்து, காண்டியின் தொடையில் எலும்பு வரை போய் நின்றது.

காண்டி போட்ட அலறலில் மலையே அதிர்ந்தது. கத்தியைத் தானே பிடுங்கி எறிந்தான், முட்டாள்தனம். அடைப்பு எடுத்த குழாய்போல ரத்தம் பீறிட்டு அடுப்பு வரை தெறித்தது. முக்காலி கவிழ்ந்தது. மனிதன் தரையில் புரண்டான்.

மானஸ் பாதி முகம் வெளுப்பும் பாதி கரியுமாக ஓடிவந்தான். குழியில் பாறை விழுந்து நசுங்கியவர்களைப் பார்த்துப் பழகியவன். காண்டியின் அடித்தொடையில், இடுப்புக்குச் சற்றுக் கீழே முஷ்டியை வைத்து, உடம்புப் பாரம் முழுக்க அதன்மேல் சாய்ந்தான். பீறல் நின்றது.

வெளியே கால்கள் ஓடிவரும் சத்தம். ஜன்னலில் விளக்கு ஏற்றாமலே, அலறலைக் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"விட்டுட்டு ஓடுடா," என்றாள் ரோஷா. "உன் கையை ஒடிக்கத்தான் வர்றாங்க. பின்பக்கம் தெறந்து கெடக்கு. ஓடு!"

"என்னக்கா சொல்ற? விட்டா செத்துருவான்."

"தெரியும்."

காண்டியின் கண் அவள் பக்கம் திரும்பியது. அந்த ஒரு சொல்லை அவன் கேட்டுவிட்டான்.

மானஸ் அசையவில்லை. கதவு சுவரில் மோதித் திறந்தது. ஹ்யூடி முதலில், பின்னால் மூன்று பேர். எல்லார் கையிலும் கோடாரிக் காம்பு. தரையெல்லாம் ரத்தம், காண்டி கீழே, அவன்மேல் கருங்காலி. அவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

"காண்டியைக் குத்திட்டான்டா!"

முதல் அடி மானஸின் முதுகில் விழுந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியபடியே இருந்தான். காண்டி வாயைத் திறந்தான், மூச்சுத்தான் வந்தது. இரண்டாவது அடியில் மானஸின் காது கிழிந்தது. ரோஷா ஹ்யூடியின் தோளில் தொங்கிக் கடித்தாள். அவன் உதறியதில் சுவரோடு போய் விழுந்தாள். மூன்றாவது அடி முழங்கையில் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

முஷ்டி நழுவியது. ரத்தம் ஹ்யூடியின் முகத்திலேயே அடித்தது. அப்போதுதான் அந்த மடையனுக்குக் கொஞ்சம் புரிந்தது. காம்பைப் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் காயத்தில் வைத்து அமுக்கினான். தொப்பி நனைந்து வழிந்ததே தவிர நிற்கவில்லை.

"ரோஷா..." காண்டிக்குக் குரல் வந்துவிட்டது. "நீ புடி. அவன் புடிச்ச எடத்துல புடி."

அவள் தவழ்ந்து வந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். எந்த இடம் என்று பார்த்து வைத்திருந்தாள். முஷ்டியை அந்த இடத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள், வைக்கவில்லை.

"மொதல்ல இவனுங்களை வெளிய போகச் சொல்லு."

"அடி பாவி!" என்று ஹ்யூடி கையை ஓங்கினான்.

"அடி. என் கையையும் ஒடி. அப்புறம் நீயே தொப்பியை வச்சுக்கிட்டு உக்காரு."

ஓங்கிய கை இறங்கியது.

"போங்கடா," என்றான் காண்டி.

"மானஸைத் தொட மாட்டோம்னு சொல்லச் சொல்லு. இன்னைக்கு மட்டும் இல்ல. என்னைக்கும்."

"சொல்லுங்கடா! சத்தியம் பண்ணுங்கடா! நான் செத்துக்கிட்டு இருக்கேன்!"

"நீயும் சொல்லு."

"உன் தம்பிமேல கை வைக்க மாட்டேன்... உன்மேலயும்... என் ஆத்தா சத்தியமா... ரோஷா!"

நாலு பேரும் மாதா மேல் ஆணையிட்டார்கள்.

"மருத்துவச்சியைக் கூட்டிட்டு வா," என்றாள் ஹ்யூடியிடம். "ஓடு."

அவர்கள் வெளியேறி, கடைசி ஆள் கதவைச் சாத்திய பிறகுதான் முஷ்டியை இறக்கினாள். மானஸ் ஒடிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, மறுகையால் இடுப்புப் பட்டையை அவிழ்த்து அவளிடம் தள்ளினான். அதைத் தொடையில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சிட்டாள். இருந்தாலும் கையை எடுக்கவில்லை. காண்டியின் முகம் சாம்பலாக இருந்தது. ஆனால் மூச்சு ஒழுங்காக வந்தது.

"நெசமாவே விடச் சொன்னியா?" என்று முனகினான். "நான் சாகட்டும்னா?"

"ஆமா," என்றாள் ரோஷா, இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்திக்கொண்டே.